முட்டை மார்க்

வீட்டில் இரண்டு முட்டை இருக்கிறதா? ஒன்றை வேகவைத்து, இரண்டையும் மேஜைமேல் சுழற்றிப் பாருங்கள். வெந்தது பம்பரம் மாதிரி ஜோராகச் சுற்றும். பச்சை முட்டை தள்ளாடி நின்றுபோகும். ஓடு சுற்றினாலும் உள்ளே இருக்கிற திரவம் உடனே கூடவே வராது, அதனால்தான்.

என் அண்ணன் மகன் இன்ஜினீயரிங் வைவாவில் கேட்டிருக்கிறான்: "சார், சுத்திக்கிட்டே போற பீரங்கிக் குண்டுக்குள்ள திரவம் இருந்தா என்ன ஆகும்?"

"ரிஜிட் பாடின்னு அஸ்யூம் பண்ணிக்கோப்பா. சிலபஸ்ல இல்லாததெல்லாம் எதுக்கு?"

மார்க்கும் குறைந்ததாம்.

பையன் கேட்டது அசட்டுக் கேள்வி இல்லை. பிற்பாடு லார்ட் கெல்வின் ஆன வில்லியம் தாம்சன் 1870-களிலேயே உலோகக் கூடுகளில் தண்ணீர் நிரப்பிச் சுழற்றிப் பார்த்தார். ஆரஞ்சு போல லேசாகத் தட்டையான கூடு நிமிர்ந்து நின்றது. முட்டை போல லேசாக நீண்டது உடனே விழுந்தது. பீரங்கிக் குண்டும் நீளம்தான். அதைச் சுழற்றி அனுப்புவதே வழியில் குட்டிக்கரணம் போடாமல் இருக்கத்தான். உள்ளே திரவம் அலைகிற தாளமும் குண்டின் தலையாட்டமும் ஒத்துப்போய்விட்டால், சரியான சமயத்தில் தள்ளிவிடும் ஊஞ்சல் போல ஆட்டம் வளர்ந்துகொண்டே போகும். 1959-ல் ஸ்டீவார்ட்சன் இதற்குக் கணக்கே போட்டுக் கொடுத்துவிட்டார்.

'அஸ்யூம்' பண்ணிக்கொண்டு மாட்டிக்கொண்டவர்கள் சாமானியர்கள் அல்ல. 1958-ல் அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோள் எக்ஸ்ப்ளோரர்-1, நீளவாக்கில் சுழல வேண்டியது, வளையும் ஆன்டெனாக்களால் புரள ஆரம்பித்தது. பாடம் கற்றார்களா? 1969-ல் நாஸாவின் ஏ.டி.எஸ்-5 தடுமாறியது. இம்முறை குற்றவாளி, வெப்பக் குழாய்களுக்குள் இருந்த கொஞ்சம் திரவம்! கடைசியில் அது தப்பான திசையில் சுழன்றதால் முக்கியமான பரிசோதனையையே கைவிட வேண்டியதாயிற்று.

அஸ்யூம் பண்ணுவது பாவமில்லை. அது இல்லாமல் பௌதிகமே இல்லை. எதுவரைக்கும் செல்லும் என்று சொல்லாமல் விடுவதுதான் பாவம். "போர்ஷன் முடிக்கவே நேரமில்லை" என்பார்கள். முட்டை சுழற்ற அரை நிமிஷம் போதும். பையன்களை நாம் கெட்டி முட்டைகளாகத்தான் வெளியே அனுப்புகிறோம்: பரீட்சை மேஜையில் பிரமாதமாகச் சுற்றுவார்கள், குஞ்சு மட்டும் பொரிக்காது.