ஐபி வந்துட்டா ஆச்சா?

ஊருக்கு போன் போட்டா விழிஞ்ஞம் துறைமுகப் பேச்சுதான். நமக்கு களியக்காவிளை பக்கம். 2024 ஜூலையில 'சான் ஃபெர்னாண்டோ' கப்பல் வந்தப்போ மாமா கேட்டார், "அந்தச் சாமானெல்லாம் நம்ம ஊருக்கு வருமா மக்களே?"

இப்போதைக்கு இல்லை மாமான்னேன். பெரிய கப்பல்ல இருந்து சின்னக் கப்பலுக்கு மாத்தறதுதான் அங்கே ஆரம்ப வேலை. ஊருக்குள்ள போற சரக்குக்குப் பேரு 'கேட்வே கார்கோ'. அதுக்கு ரோடு வேணும், பாலராமபுரத்துக்கு 10.7 கிலோமீட்டர் ரயில்பாதைத் திட்டமும் அதுக்குத்தான்.

இங்கே ஆபீஸ்லயும் அதே கதை. புது விலானுக்கு ஃபயர்வால்ல டிஹெச்சிபி ரிலே போட்டோம். எல்லா மெஷினுக்கும் ஐபி வந்தாச்சு, வெளியே மட்டும் போகலை. கூட இருந்த தம்பி பதட்டத்துல ரூல் எல்லாத்தையும் திறந்துவிடப் போனான். நிறுத்துப்பான்னேன்.

ரிலே வெறும் தபால்காரன். மெஷின் போடற கூப்பாடு அந்த விலானைத் தாண்டாது. அதை வேற நெட்வொர்க்ல இருக்கிற சர்வருக்கு எடுத்துட்டுப் போகும், பதிலைக் கொண்டுவரும். கேட்வே எதுன்னு சொல்றது சர்வர்தான். எங்க சர்வர் பழைய விலானோட கேட்வேயையே சொல்லிக்கிட்டிருந்தது. புது விலான்ல ஃபயர்வாலுக்கு இருக்கிற ஐபியை அங்கே போட்டு, மெஷின்கள்ல ஐபியைப் புதுப்பிச்சோம். சரியாப்போச்சு. (ஃபயர்வாலோட சொந்த டீஃபால்ட் கேட்வே வேற, அது ஐஎஸ்பி பக்கம். ரெண்டையும் குழப்பிக்காதீங்க.)

என் கட்சி இதுதான்: ஐபி வந்ததும் கைதட்டாதீங்க, கேட்வேயைப் பாருங்க. அதைப் பார்க்காம ரூலைத் திறக்கறது, ரோடு இல்லைன்னு துறைமுகத்துக் காவலை எடுக்கற மாதிரி. சரக்கும் ஊர் போய்ச் சேராது, திருடன் மட்டும் உள்ளே வருவான்.