பிடிக்கலாமா, பார்க்கலாமா?

கம்பத்தில் வளர்ந்த தாத்தாக்களைக் கேட்டால், சண்டைச் சிலந்திகளைப் பிடித்துத் தீப்பெட்டியில் அடைத்த கதைகளைச் சொல்வார்கள். இன்று ஒரு சிறுவன் காட்டுப் பாதையில் குனிந்து வண்டு ஒன்றை எடுக்கப் போனால், “தொடாதே, அபராதம் போடுவார்கள்!” என்று அவனை இழுத்துச் செல்கிறோம். விதியை மட்டும் சொன்னால் போதுமா? அதன் காரணத்தையும் சொல்ல வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில் விதியை அறிந்துகொள்வோம். புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்பு, லாப்ரடோர், சுங்கை பூலோ ஆகிய நான்கும் சிங்கப்பூரின் இயற்கை வனப்பகுதிகள். பூங்காக்கள், மரங்கள் சட்டத்தின்படி, அங்குள்ள உயிரினங்களை அனுமதியின்றிப் பிடிப்பது குற்றம். 50,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறைத்தண்டனையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பூச்சிகளும் இதில் அடங்கும்.

‘சின்னப் பூச்சிக்கு இவ்வளவு பெரிய தண்டனையா?’ என்று நீங்கள் கேட்கலாம். காமன் ரோஸ் வண்ணத்துப்பூச்சியை எண்ணிப் பாருங்கள். 2015இல் நடந்த வாக்கெடுப்பில் சிங்கப்பூரின் தேசிய வண்ணத்துப்பூச்சியாகத் தேர்வு பெற்றது அது. அதன் புழுக்கள் ஆடுதின்னாப்பாளை இனக் கொடிகளின் இலைகளையே உண்ணும். அக்கொடி இருக்கும் இடத்தில்தான் அது முட்டையிடும். வருவோர் எல்லாரும் ஆளுக்கு ஒன்றாக எடுத்துச் சென்றால், அங்கே என்ன மிஞ்சும்?

‘பிடித்துப் பார்க்காமல் எப்படிக் கற்பது?’ என்று சிலர் வாதிடுவர். இது நியாயமான கேள்வி. 1854இல் இங்கு வந்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், புக்கிட் தீமா வட்டாரத்தில் சுமார் இரண்டு மாதங்களில் ஏறக்குறைய 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். அவற்றுள் பல, அறிவியலுக்குப் புதியவை. ஆனால், இன்று அந்தக் காட்டைச் சுற்றிலும் விரைவுச்சாலையும் வீடுகளும் சூழ்ந்துள்ளன. ஆகவே, ஆய்வாளர்களும் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி பெற்றே சேகரிக்கின்றனர். விதி, கற்றலின் கதவை அடைக்கவில்லை. கதவைத் தட்டிவிட்டு உள்ளே வரச் சொல்கிறது.

நமக்கும் வழிகள் உண்டு. கைத்தொலைபேசியில் படமெடுத்து, நாளும் இடமும் குறித்து ‘ஐநேச்சுரலிஸ்ட்’ செயலியில் பதிவேற்றலாம். அப்பதிவு ஆய்வாளர்களுக்கும் பயன்படும். தேசியப் பூங்காக் கழகத்தின் வண்ணத்துப்பூச்சிக் கணக்கெடுப்பில் தொண்டூழியராகச் சேரலாம். லிட்டில் இந்தியாவின் அடுக்குமாடி வீடுகளில்கூட, தொட்டியில் வளரும் கறிவேப்பிலைச் செடியைக் கவனியுங்கள். இலையைத் தின்னும் பச்சைப் புழு ஒருநாள் சிறகு விரிப்பதைக் காணலாம்.

எனவே, அடுத்த முறை உங்கள் தம்பியோ தங்கையோ வண்டைக் கண்டு குனிந்தால், இழுத்துச் செல்லாதீர்கள். பக்கத்தில் நீங்களும் குனியுங்கள். ஏன் எடுக்கக் கூடாது என்று சொல்லுங்கள். பிறகு, இருவரும் சேர்ந்து அந்த வண்டைப் பாருங்கள்.