ரேஞ்சர்ஸின் இரண்டு பிறந்த ஆண்டுகள்

1973 ஜனவரியில் கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸ் கிளப் தன் நூற்றாண்டைக் கொண்டாடியது. அதற்காக ஆம்ஸ்டர்டாமிலிருந்து அயாக்ஸ் அணியை அழைத்திருந்தார்கள். யோஹான் கிரைஃப் ஆடிய அயாக்ஸ், அன்றைய ஐரோப்பாவின் சாம்பியன். கிளாஸ்கோவில் ஒன்று, ஆம்ஸ்டர்டாமில் ஒன்று என இரண்டு ஆட்டங்கள். இரண்டிலும் ரேஞ்சர்ஸ் தோற்றது, ஆனாலும் நூறாவது ஆண்டுக்கு ஏற்ற விருந்துதான் அது. அதே கிளப் 2022இல் தன் 150ஆவது ஆண்டைக் கொண்டாடியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறுக்கும் நூற்றைம்பதுக்கும் நடுவில் 49 ஆண்டுகள்தான் இருக்கின்றன.

காணாமல் போன அந்த ஓர் ஆண்டைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப்போகிறேன். கொஞ்ச காலமாக இந்த விஷயம் என்னைப் பிடித்து வைத்திருக்கிறது. ஓர் ஆண்டு முன்னே பின்னே இருந்தால் என்ன என்று கேட்கலாம். அந்த ஓர் ஆண்டைத் தேடிப் போனவர்கள் தேதியை மட்டும் கண்டெடுக்கவில்லை. ஒரு நகரமே மறந்துபோயிருந்த நாலு பையன்களையும் கண்டெடுத்தார்கள்.

எல்லோரும் ஒத்துக்கொள்ளும் கதை இது. கிளாஸ்கோவின் மேற்குப் பக்கத்தில், இன்று கெல்விங்ரோவ் என்று அழைக்கப்படும் பூங்காவில் நான்கு பேர் பேசிக்கொண்டே நடக்கிறார்கள். மோசஸ் மெக்நீல், அவன் அண்ணன் பீட்டர் மெக்நீல், பீட்டர் கேம்பல், வில்லியம் மெக்பீத். பதினைந்திலிருந்து பதினேழு வயதுக்குள் எல்லோரும். மெக்நீல் சகோதரர்களும் கேம்பலும் கேர்லாக் கடற்கரைப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக நகரத்துக்கு வந்தவர்கள். மெக்நீல்களின் அப்பா ஒரு பெரிய வீட்டில் தலைமைத் தோட்டக்காரர். மெக்பீத் கேலண்டர் என்ற ஊரில் பிறந்தவன். நாமும் ஓர் அணி தொடங்கினால் என்ன என்று அவர்களில் ஒருவன் கேட்டிருக்கிறான். பெயரைக் கொண்டுவந்தவன் மோசஸ். இங்கிலாந்தின் கால்பந்து ஆண்டு மலர் ஒன்றைப் புரட்டியபோது ஒரு ரக்பி கிளப்பின் பெயர் கண்ணில் பட, அது பிடித்துப்போய் எடுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள்.

முதல் ஆட்டம் கிளாஸ்கோ கிரீன் என்னும் பொதுத் திடலில், ஃபிளெஷர்ஸ் ஹா என்ற பகுதியில் நடந்தது. எதிரணியின் பெயரும் கேலண்டர்தான். கோல் எதுவும் விழவில்லை. ஆள் பற்றாததால், அன்று ஸ்காட்லாந்திலேயே பெரிய அணியான குயின்ஸ் பார்க்கிலிருந்து சிலரை இரவல் வாங்கியிருந்தார்கள். மெக்நீல்களின் இன்னொரு சகோதரன் ஹாரி அங்கே ஆடிக்கொண்டிருந்தது வசதியாகப் போயிற்று. ஆட்டத்துக்கென்று உடை மாற்றிக்கொண்டவர்கள் சிலர்தான். மற்றவர்கள் தெருவில் நடந்துவந்த உடையிலேயே இறங்கினார்கள். மெக்பீத் உயிரைக் கொடுத்து ஆடிவிட்டு, அந்த அசதியில் ஒரு வாரம் படுக்கையை விட்டு எழவில்லை என்றும் ஒரு கதை உண்டு. இரண்டாவது ஆட்டத்தில் கிளைட் என்ற அணியை 11-0 என்று வென்றார்கள்.

அவர்களுக்குச் சொந்த மைதானம் கிடையாது, சந்தா கிடையாது, தீர்மான நோட்டு கிடையாது. பொதுத் திடலில் முதலில் போய் இடம் பிடிப்பவனுக்குத்தான் இடம். பையன்கள் அணி தொடங்கினால் எந்த ஊரிலும் அப்படித்தான் தொடங்குவார்கள். பின்னால் வந்த குழப்பம் முழுவதும் இதிலிருந்து கிளம்பியதுதான்.

குழப்பத்தை நிலைநிறுத்தியது ஒரு புத்தகம். 1923இல் ஜான் ஆலன் என்ற பத்திரிகையாளர் ரேஞ்சர்ஸின் ஐம்பது ஆண்டு வரலாற்றை எழுதினார். அதில் தொடக்கம் 1873 என்று இருந்தது. பொன்விழா நூல், அதுவும் நன்றாக எழுதப்பட்ட நூல். அதன் பிறகு வந்தவர்கள் பெரும்பாலும் அதையே பார்த்து எழுதினார்கள். 1973இல் அயாக்ஸை அழைத்ததும் அந்தக் கணக்கை நம்பித்தான். ஆனால் ஆலனுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1880களின் தொடக்கத்தில், ‘ட்ரூ புளூ’ என்ற புனைபெயரில் வில்லியம் டன்லப் ஒரு விளையாட்டு ஆண்டு மலரில் கிளப்பின் கதையை எழுதியிருந்தார். டன்லப் ரேஞ்சர்ஸின் உள்வட்டத்து மனிதர். அந்தப் பையன்களோடு பழகியவர். அவர் கணக்கில் தொடக்கம் 1872.

அப்படியானால் 1873 எங்கிருந்து வந்தது? அந்த ஆண்டில்தான் கிளப் ஒழுங்காகக் கூடி நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்தது. தலைவர், செயலாளர், கேப்டன் என்று பெயர்கள் வந்தன. காகிதத்தில் கிளப் பிறந்தது அப்போது. திடலில் அது ஏற்கெனவே ஒரு பருவம் ஆடி முடித்திருந்தது.

என் தீர்ப்பு 1872 பக்கம். சம்பவத்துக்குப் பத்து ஆண்டுக்குள் எழுதியவரின் சொல், ஐம்பது ஆண்டு கழித்து விழாவுக்காக எழுதியவரின் சொல்லைவிட எடை கூடியது என்பது ஒரு காரணம். அந்த ஓர் ஆண்டுக்கு அர்த்தமும் உண்டு. ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மோதிய உலகின் முதல் சர்வதேசக் கால்பந்து ஆட்டம் 1872 நவம்பர் 30 அன்று அதே கிளாஸ்கோவில் நடந்தது. ஸ்காட்லாந்துக்கு ஆடிய பதினொரு பேரும் குயின்ஸ் பார்க்கைச் சேர்ந்தவர்கள். ஸ்காட்டிஷ் கால்பந்துச் சங்கம் 1873 மார்ச்சில்தான் உருவானது. 1873இல் தொடங்கியிருந்தால் ரேஞ்சர்ஸ் அந்த அலையில் எழுந்த பல கிளப்புகளில் ஒன்று. 1872 வசந்தத்தில் தொடங்கியதென்றால், அலை வருமுன் தண்ணீரில் இறங்கிய பையன்கள் அவர்கள். எவரும் வழிகாட்டாமல், பார்த்துப் பிடித்துப்போய் ஆடியவர்கள்.

தேதியைவிட நிறுவனர்களின் கதை என்னை அதிகம் உலுக்கியது. கேரி ரால்ஸ்டன் என்ற ஸ்காட்லாந்துப் பத்திரிகையாளர் 2009இல் வெளியிட்ட ‘த கேலண்ட் பயனியர்ஸ்’ என்ற நூலில் இவர்கள் வாழ்க்கையைத் தேடித் தொகுத்தார். இப்படிப்பட்ட தேடலில் கால்பந்துப் பக்கங்கள் ஓர் எல்லைவரைதான் உதவும். ஆட்டம் நின்ற பிறகு ஆட்டக்காரன் பெயர் செய்தித்தாளிலிருந்து மறைந்துவிடும். அதற்குப் பிறகு வேறு காகிதங்களிடம் போக வேண்டும். ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு 1855இல் கட்டாயமானது. மோசஸ் பிறந்த ஆண்டும் அதுதான். பத்து ஆண்டுக்கு ஒருமுறை எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் யார் எந்தத் தெருவில் யாரோடு குடியிருந்தார், என்ன தொழில் பார்த்தார் என்பது இருக்கும். பிறகு கப்பல் செய்திகள், நீதிமன்றப் பதிவுகள், மனநல மருத்துவமனை ஏடுகள், ஏழைகள் விடுதியின் சேர்க்கைப் புத்தகம், கடைசியில் கல்லறைத் தோட்டத்தின் பதிவு. வெற்றி பெற்ற ஒரு கிளப்பின் நிறுவனர்களைத் தேட இந்த வாசல்களையெல்லாம் தட்ட வேண்டியிருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள்.

பீட்டர் கேம்பல் கிளைட் ஆற்றங்கரைக் கப்பல் பட்டறையில் தொழில் கற்றவர். ஸ்காட்லாந்துக்காக இரண்டு ஆட்டங்கள் ஆடினார். கொஞ்ச காலம் பிளாக்பர்ன் ரோவர்ஸுக்கும் ஆடினார். பிறகு கப்பல் பொறியாளராகக் கடலுக்குப் போனார். 1883இல் வேல்ஸின் பென்ஆர்த் துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு பம்பாய்க்குப் புறப்பட்ட ‘செயின்ட் கொலம்பா’ கப்பலில் இருந்தார். பிஸ்கே விரிகுடாவில் அந்தக் கப்பல் மூழ்கியது. நம் பக்கத்துத் துறைமுகம் ஒன்றுக்கு வரவேண்டியவர், இருபத்தைந்து வயதைத் தாண்டியவுடனேயே போய்விட்டார்.

பீட்டர் மெக்நீல் கிளப்பின் முதல் காலச் செயலாளர். கடிதம் எழுதுவது, ஆட்டம் நிச்சயிப்பது, மைதானம் தேடுவது எல்லாம் அவர் தலையில்தான். ஹாரியோடு சேர்ந்து கிளாஸ்கோவில் விளையாட்டுச் சாமான் கடையும் வைத்திருந்தார். வியாபாரம் நொடித்தது, மனமும் நொடித்தது. 1901இல் மனநல மருத்துவமனையில் இறந்தார்.

ரேஞ்சர்ஸிலிருந்து ஸ்காட்லாந்துக்கு ஆடிய முதல் ஆள் மோசஸ். நால்வரில் நீண்ட காலம் வாழ்ந்தவரும் அவர்தான். தான் பெயர் வைத்த கிளப் உலகப் புகழ் பெறுவதைப் பார்த்துவிட்டு 1938இல் கண்ணை மூடினார். பிறந்த கடற்கரைக்குப் பக்கத்திலேயே, ரோஸ்னீத்தில் அடக்கம்.

மெக்பீத்தின் கதையைச் சட்டென்று கடந்துபோக என்னால் முடியவில்லை. முதல் ஆட்டத்தில் ஒரு வாரம் படுக்கையில் விழும் அளவுக்கு ஓடிய அதே ஆள். 1870களின் நடுவில் கிளப்பின் தலைவராகவும் இருந்தார். பிறகு இங்கிலாந்துக்குப் போனார். பிரிஸ்டலில் வாழ்ந்தார். ஒரு மோசடி வழக்கில் சிக்கி, குற்றமற்றவர் என்று விடுதலையானார். குடும்பம் சிதறியது, காசு போனது. 1917இல் லிங்கன் நகரத்து ஏழைகள் விடுதியில் இறந்தபோது புத்தி பேதலித்தவர் என்று ஏட்டில் எழுதிவைத்திருந்தார்கள். பெயர்க்கல் இல்லாத குழியில் புதைத்தார்கள். அந்த ஊரில் எவருக்கும் அவர் யாரென்று தெரிந்திருக்கவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து, ரால்ஸ்டன் தேடிக் கண்டுபிடித்த பின்புதான் ரசிகர்கள் அந்த இடத்தில் கல் நட்டார்கள். நிறுவனர்களின் கல்லறைகளைப் பேணுவதையே ஒரு வேலையாக எடுத்துக்கொண்ட ரசிகர்கள் இப்போது இருக்கிறார்கள். நெஞ்சாரப் பாராட்டுகிறேன்.

நிறுவனர்கள் நால்வர்தானா என்பதிலும் வழக்கு உண்டு. டாம் வேலன்ஸின் பெயரைச் சிலர் ஐந்தாவதாகச் சேர்ப்பார்கள். அவரும் கேர்லாக் பக்கத்துப் பையன். ஒன்பது பருவங்கள் கேப்டன். 1877 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியில் வேல் ஆஃப் லீவனோடு மூன்று முறை மோதிக் கடைசியில் 3-2 என்று தோற்ற அந்த இளம் அணியை நடத்தியவர். 1882இல் அஸ்ஸாம் தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்து, உடம்பு ஒத்துக்கொள்ளாமல் ஊர் திரும்பினார். அந்தப் பூங்கா நடையில் அவர் இல்லை, அதனால் நிறுவனர் பட்டியலில் இடமில்லை என்பது இன்றைய முடிவு. எனக்கு அது சரியென்றே படுகிறது. யோசனை பிறந்தபோது இருந்தவர்களின் மரியாதை தனி, அதைத் தோளில் சுமந்தவர்களின் மரியாதை தனி. ஒன்றை மற்றொன்றோடு கலக்கத் தேவையில்லை.

பிறந்த ஆண்டுக் குழப்பத்தில் ஸ்பெயினின் செவியா கிளப்புக்கு நேர்ந்தது ரேஞ்சர்ஸுக்கு நேர்ந்ததைவிடப் பெரிது. அரசு அலுவலகத்தில் பதிவான ஆண்டு 1905 என்பதால் 2005இல் நூற்றாண்டு விழா எடுத்தார்கள். அதற்கென்றே இயற்றிய பாட்டை இன்றும் மைதானத்தில் பாடுகிறார்கள். சில ஆண்டுகளில், கணினியில் ஏற்றப்பட்ட பழைய பிரிட்டிஷ் பத்திரிகைகளுக்குள் 1890 மார்ச் மாத டண்டீ நகரப் பத்திரிகை ஒன்று அகப்பட்டது. செவியாவில் வேலை பார்த்த பிரிட்டிஷ் இளைஞர்கள் சிலர் ஒரு காபிக் கடையில் கூடி, கொஞ்சம் பீரும் நிறையப் பேச்சுமாகக் கிளப் தொடங்கிய செய்தி அதில் இருந்தது. 1890 ஜனவரி 25. தலைவர் எட்வர்ட் ஜான்ஸ்டன், கேப்டன் ஹியூ மக்கால், இருவரும் ஸ்காட்லாந்துக்காரர்கள். செயலாளர் ஐசாயாஸ் வைட். மார்ச் 8 அன்று பக்கத்து ஊரான ஹுவெல்வாவின் ரெக்ரியாடிவோ அணியைக் குதிரைப் பந்தயத் திடலில் 2-0 என்று வென்றிருக்கிறார்கள். இப்போது அந்தக் கிளப் தன் பிறந்த ஆண்டை 1890 என்றே சொல்கிறது. 1905இல் பதிவு செய்தது அதே கிளப்தானா, புதிதாக ஒன்றா என்று எதிர்த்தரப்பினர் இன்றும் கேட்கிறார்கள். ஷெஃபீல்ட் கிளப்புக்கு இந்தத் தொல்லை இல்லை. 1857இல் தொடங்கிய அவர்கள் கைப்பட எழுதிய விதிகளும் ஏடுகளும் பிழைத்திருந்தன. 2011இல் அவை ஏலத்தில் எட்டு லட்சத்து எண்பதாயிரம் பவுண்டுக்கும் மேல் போயின.

ரேஞ்சர்ஸுக்குத் தொடக்க வழக்கு இன்னொரு முறையும் வந்தது. 2012இல் கிளப்பை நடத்திய நிறுவனம் கடனில் மூழ்கிக் கலைக்கப்பட்டது. புதிய நிறுவனம் ஒன்று கிளப்பை வாங்கி, ஸ்காட்லாந்துக் கால்பந்தின் நான்காம் படியிலிருந்து மறுபடி ஆடியது. பழைய கிளப் செத்தது, இது 2012இல் பிறந்தது என்று போட்டி அணிகளின் ரசிகர்கள் சொல்கிறார்கள். நிறுவனம்தான் போனது, கிளப் அப்படியே இருக்கிறது என்று ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் சொல்கிறார்கள். நான் இவர்கள் பக்கம். 1872இல் நிறுவனமே இல்லாமல் பிறந்ததை, ஒரு நிறுவனம் கலைந்ததால் செத்தது என்று எப்படிச் சொல்வது? 1873ஐ மறுக்க எந்தக் காரணத்தைச் சொன்னேனோ, அதையேதான் இங்கேயும் சொல்கிறேன்.

ஓர் ஆட்டம் நடக்க இரண்டு அணி வேண்டும். கேலண்டர் அணியில் அன்று எதிரே நின்றவர்களும், இந்தப் பக்கம் தெரு உடையில் இறங்கியவர்களும் இல்லாவிட்டால் அந்த முதல் ஆட்டம் இல்லை. மெக்பீத்துக்காகத் தட்டிய வாசல்களை அவர்களுக்காகவும் யாராவது தட்டி, அவர்கள் எங்கே வேலை பார்த்தார்கள், எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று ஒரு புத்தகம் எழுதினால், முதல் பிரதியை வாங்க நான் தயார்.