உப்பளத்துக் காதுக்கு என்ன குறை?

பீட்டில்ஸ் இசைக்குழுவின் ‘ரிவால்வர்’ ஆல்பம் ஆங்கிலம் படித்த மேல்தட்டு நகரத்தாரின் ரசனை. பாட்டின் சொல்லும் சூழலும் தெரியாத மரக்காணத்து உப்பளத் தொழிலாளி அதைக் கேட்டு உருகுவது வெறும் பாவனை. இதுதான் சிலரின் வாதம். அடியோடு தவறு.

ஒன்று: பீட்டில்ஸ் நால்வர் யார்? லிவர்பூல் துறைமுக நகரத்துப் பையன்கள். அவர்களில் ஜார்ஜ் ஹாரிசனின் அப்பா பேருந்து ஓட்டியவர். மேல்தட்டு எங்கிருந்து வந்தது?

இரண்டு: சொல் புரிந்தால்தான் இசை புரியுமா? தியாகராஜரின் தெலுங்குக் கீர்த்தனைகளைத் தலைமுறைகளாகக் கேட்கும் தமிழரிடம் யார் தெலுங்கு தெரியுமா என்று கேட்டார்கள்?

மூன்று: 1966இல் வந்த இந்த ஆல்பம் நமக்கு அந்நியமே அல்ல. ‘லவ் யூ டூ’வில் சிதார் ஒலிக்கிறது, தபலா வாசித்தவர் அனில் பகவத். கடைசிப் பாட்டு ‘டுமாரோ நெவர் நோஸ்’ ஏறக்குறைய ஒரே கார்டில் நிற்கிறது, அடியில் தம்புரா. சுருதியில் ஊறிய காதுக்கு அங்கே விளக்கவுரை எதற்கு? ‘எலினார் ரிக்பி’யில் கிட்டாரே கிடையாது, நான்கு வயலின், இரண்டு வியோலா, இரண்டு செல்லோ. அந்தத் தனிமை எட்ட அகராதி வேண்டுமா?

நான்கு: சூழல் என்கிறீர்கள். முதல் பாட்டு, ஹாரிசன் எழுதிய ‘டாக்ஸ்மேன்’, வரி மீதான கோபம். 1930இல் ராஜாஜி தலைமையில் உப்பு வரியை எதிர்த்து நடந்து சென்றது இதே சோழமண்டலக் கரையிலுள்ள வேதாரண்யத்துக்குத்தான். ஹாரிசனுடையது பணம் சேர்த்தவரின் கோபம், உப்பு அள்ளுகிறவரின் கோபம் அல்ல. அந்த வேறுபாட்டை உங்களைவிடத் துல்லியமாக எடைபோடுவார் உப்பளத்துக்காரர்.

அடுத்தவர் ரசனையை அளக்குமுன் ஆல்பத்தை முழுதாகக் கேளுங்கள். சுமார் 35 நிமிடம்தான்.