“கேஸ் மட்டும் போட்டால் போதும்” என்கிற புளுகு

அமெரிக்காவில் பழைய கேம்பர் வேன் விற்கிறவர்களின் விளம்பரங்களில் அடிக்கடி கண்ணில் படுகிற ஒரு வரி உண்டு. “ஏசி இருக்கிறது, கேஸ் மட்டும் போட்டால் போதும்.” கூரைத் துணி கிழிந்திருக்கிறது, ஓடோமீட்டர் ஓடவில்லை, இடது பக்கம் துரு என்பதையெல்லாம் மனுஷன் ஒளிக்காமல் எழுதியிருப்பார். ஏசிக்கு வரும்போது மட்டும் இந்த ஒரு வரியோடு முடித்துக்கொள்வார்.

கேம்பர் வேன் தெரியாதவர்களுக்கு: படுக்கை, அடுப்பு, குட்டி ஃப்ரிட்ஜ் எல்லாம் உள்ளேயே இருக்கிற வேன். நம் பக்கம் டூரிஸ்ட் வேனில் ஸ்டவ்வும் பாத்திரமும் ஏற்றிக்கொண்டு கோயில் கோயிலாகப் போவார்களே, அந்த வண்டிக்குக் கொஞ்சம் வசதியான பெரியப்பா என்று வைத்துக்கொள்ளலாம். இதை ஆசைப்பட்டு வாங்குகிறவர்களில் பலர் படித்து முடித்துவிட்டு ஊர் சுற்றக் கிளம்புகிற இளசுகள். கையில் இருப்பதே அந்தக் காசுதான். விளம்பரத்தை நம்பி வாங்கி, ஜூலை மாதத்தில் அரிசோனா பாலைவனத்துக்குள் போனால், ஏசி துவாரத்தில் இருந்து வெந்நீர் அண்டாவின் ஆவி மாதிரி காற்று வரும். பின்னால் குழந்தையோ நாயோ இருந்தால் அது வெறும் அசௌகரியத்தோடு போகிற விஷயம் இல்லை.

ஒரு சின்ன கேள்வி. கேஸ் மட்டும் போட்டால் சரியாகிவிடும் என்றால், விற்கிறவரே ஏன் போட்டுவிட்டு விற்கவில்லை? ஒரு டப்பா கேஸ் சில பத்து டாலர்தான். ‘ஏசி ஜில்லென்று ஓடுகிறது’ என்று எழுத முடிந்தால் அதைப் போலப் பல மடங்கு விலையைக் கூட்டிக் கேட்கலாம். இவ்வளவு லாபத்தை விட்டுக்கொடுக்கிற அளவுக்கு யாரும் தியாகி கிடையாது. அவர் ஏற்கெனவே போட்டுப் பார்த்திருப்பார், பத்து நாளில் போயிருக்கும். இல்லாவிட்டால் மெக்கானிக் சொன்ன தொகையைக் கேட்டுத் தலை சுற்றியிருக்கும். ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் எழுதிய கட்டுரை பழைய கார் சந்தையைப் பற்றித்தான்: விற்கிறவனுக்குத் தெரிந்தது வாங்குகிறவனுக்குத் தெரியாது என்றால் சந்தை எப்படிக் கெடுகிறது என்று காட்டினார். 2001-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். காமர்ஸ் படிக்கிறவர்கள் தேர்வுக்கு மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு, நிஜத்தில் வண்டி வாங்கும்போது இதை மறந்துவிடுகிறார்கள் என்பது தனி சோகம்.

இந்தப் புளுகு இவ்வளவு சுலபமாக எடுபடக் காரணம், கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகும் என்று பெரும்பாலோர் நினைப்பதுதான். தீராது. ஏசி என்பது மூடிய குழாய் வட்டம். கம்ப்ரெஸர் கேஸை அழுத்திச் சூடாக்கி முன்னே தள்ளும், கண்டென்ஸரில் அது வெளிக்காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரவமாகும், எக்ஸ்பான்ஷன் வால்வைத் தாண்டியதும் அழுத்தம் குறைந்து, எவாபரேட்டரில் கொதித்து ஆவியாகி உள்ளே இருக்கிற வெப்பத்தை உறிஞ்சும், மறுபடி கம்ப்ரெஸருக்கே வரும். அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது, எரிவது கிடையாது. ஆக, கேஸ் குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை விட்டுவிட்டு கேஸை ஊற்றுவது, அடி ஒழுகுகிற குடத்தைத் திரும்பத் திரும்பக் குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு போகிற கதை.

அங்கே உதிரிபாகக் கடைகளில் யார் வேண்டுமானாலும் வாங்கித் தானே ஏற்றிக்கொள்கிற மாதிரி கேஸ் டப்பா விற்கிறார்கள். ஒரு ஹோஸ், அதில் பச்சை, சிவப்பு என்று வண்ணம் தீட்டிய ஒரு மீட்டர். முள் பச்சைக்கு வந்தால் சரி என்பார்கள். எவ்வளவு பெரிய ஏமாற்று! வீட்டு சமையல் சிலிண்டரில் எவ்வளவு கேஸ் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்கிறோம்? தூக்கிப் பார்க்கிறோம், ஆட்டிப் பார்க்கிறோம். ஏனென்றால் உள்ளே ஒரு சொட்டுத் திரவம் இருக்கிற வரைக்கும் அழுத்தம் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். ஏசியிலும் அழுத்தத்தை மட்டும் வைத்து அளவு சொல்ல முடியாது. அன்றைய வெயில், கண்டென்ஸர் ஃபேன் ஓடுகிறதா இல்லையா, என்ஜின் வேகம், எல்லாமே முள்ளை ஆட்டும். சரியான ஒரே வழி, உள்ளே இருப்பதை மெஷினால் உறிஞ்சி எடுத்துவிட்டு, எடை போட்டு ஏற்றுவது. டப்பாக்காரருக்குத் தராசு எதற்கு? முள் பச்சைக்கு வருகிற வரை அழுத்திக்கொண்டே இருப்பார். அளவு மீறினாலும் ஏசி குளிர்ச்சி குறையும், ‘இன்னும் பத்தவில்லை போல’ என்று மேலும் அழுத்துவார்... கம்ப்ரெஸர் பாவம்.

இதைவிட மோசம், ‘ஓட்டையை அடைக்கும் மருந்து’ கலந்த டப்பாக்கள். இவற்றில் சில வகை, காற்றும் ஈரமும் பட்டால் இறுகக்கூடியவை. ஓட்டையில் இறுகினால் சந்தோஷம். மெக்கானிக்கின் மெஷினுக்குள் போய் இறுகினால்? அதனால்தான் இந்த மருந்து போட்ட வண்டியைத் தொடவே மாட்டேன் என்று சொல்கிற பட்டறைகள் இருக்கின்றன. ஐந்து நிமிட சோம்பேறித்தனத்துக்கு, பிற்பாடு யாருமே ரிப்பேர் செய்ய வராத வண்டி பரிசு.

சரி, எந்த வண்டி என்று குறிப்பாகப் பார்த்தால்தான் விஷயம் புரியும். ஃபோக்ஸ்வேகன் வனகன், அதிலும் வெஸ்ட்ஃபாலியா கேம்பர். அமெரிக்காவில் 1980 முதல் 1991 வரையிலான மாடல்களாக விற்ற வண்டி, இன்றும் அதன் மேல் பைத்தியமாக இருக்கிறவர்கள் ஏராளம். அதில் என்ஜினும் கம்ப்ரெஸரும் பின்னால், கண்டென்ஸர் முன்னால் ரேடியேட்டருக்கு முன்பாக, எவாபரேட்டர் மறுபடி பின்னால் படுக்கைக்கு மேலே கூரைப் பெட்டியில். நடுவில் வண்டியின் நீளத்துக்கு ஹோஸ் ஓடுகிறது. ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு ஓ-ரிங், எல்லாம் முப்பத்தைந்து வருடம் வெயிலில் காய்ந்த ரப்பர். இதில் லீக் இல்லை என்றால்தான் அதிசயம்.

ஆனால் வேடிக்கை என்னவென்றால், இந்த வண்டியில் குளிர்ச்சி குறைவதற்குப் பாதி காரணங்கள் கேஸுக்குச் சம்பந்தமே இல்லாதவை. பின் சீட்டுக்கு அடியில் தண்ணீரால் குளிர்விக்கிற மாடல்களில் ஒரு ஹீட்டர் இருக்கிறது. அதன் வால்வு திறந்து கிடந்தால் என்ஜினின் கொதிநீர் வண்டிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். மேலே ஏசி, கீழே அடுப்பு! வனகன் ஏசி வண்டிக்குள் இருக்கிற காற்றைத்தான் திரும்பத் திரும்பக் குளிர்விக்கும், வெளிக்காற்றை எடுக்காது. டாஷ்போர்டில் வெளிக்காற்று லீவர் திறந்திருந்தால் பாலைவன அனல் முன்பக்கமாக வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும். படுக்கைக்கு மேலேயே எவாபரேட்டர் இருப்பதால் போர்வைப் பஞ்சு, நாய் முடி எல்லாம் அதில் போய் ஒட்டும். அந்தப் பெட்டியை வருடக்கணக்கில் யாரும் கழற்றிப் பார்த்திருக்க மாட்டார்கள். முன் ஃபேனின் ரெசிஸ்டர் எரிந்துபோய், வண்டி ஓடும்போது மட்டும் குளிர்ந்து சிக்னலில் நின்றால் சூடாகிற வண்டிகள் உண்டு. நெடுஞ்சாலையில் சரி, நெரிசலில் மோசம் என்றால் சந்தேகப்பட வேண்டியது கண்டென்ஸர் பக்கத்துக் காற்றோட்டத்தை. கிளம்பும்போது ஜில், அரை மணியில் காற்றே வரவில்லை என்றால் எவாபரேட்டர் மேல் ஐஸ் கட்டுகிறது. இவ்வளவு குறிப்பு வண்டியே கொடுக்கிறது. டப்பாவைத் தூக்குகிறவர் ஒன்றையும் காதில் வாங்குவதில்லை.

அப்புறம் அந்தப் பெரிய கண்ணாடிகள். சுற்றிலும் கண்ணாடி, மேலே தகரம், அதற்குள் குளிர வைக்கிற ஏசி. பளபளக்கிற தடுப்பு அட்டையைக் கண்ணாடிகளில் வைத்து, நிழலில் நிறுத்தி, கிளம்பிய முதல் சில நிமிடம் ஜன்னலைத் திறந்து சூட்டை வெளியேற்றுகிறவருக்கு, இருக்கிற ஏசியே இன்னும் நன்றாக வேலை செய்யும். செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். அதனாலேயே இதை யாரும் விளம்பரம் செய்வதில்லை.

இன்னொரு கோஷ்டி இருக்கிறது. “பழைய ஆர்-12 கேஸ் இருந்த காலத்தில் ஏசி பிய்த்துக்கொண்டு போகும். அரசாங்கம் அதைத் தடை செய்ததால்தான் இந்தக் கதி” என்று பெருமூச்சு விடுகிறவர்கள். இதில் கொஞ்சம் உண்மை உண்டு, மறுக்க வேண்டாம். ஆர்-12-க்காகச் செய்த பழைய கண்டென்ஸரில் ஆர்-134ஏ-வை ஊற்றினால் குளிர்ச்சி சற்று குறையலாம். ஆனால் அந்தத் தடை யாருடைய கிறுக்குத்தனத்தாலும் வந்ததில்லை. குளோரின் உள்ள இந்த வகை வாயுக்கள் மேல் வளிமண்டலத்தில் ஓசோனைத் தின்கின்றன என்று மொலினாவும் ரோலண்டும் 1974-இல் எச்சரித்தார்கள். அன்டார்டிகா மேலே ஓசோன் ஓட்டை இருப்பது 1985-இல் வெளியானது, 1987-இல் மான்ட்ரியல் ஒப்பந்தம், 1995 முடிவோடு அமெரிக்காவில் ஆர்-12 உற்பத்தி நின்றது. அதே 1995-இல் அந்த இருவருக்கும் க்ருட்சனோடு சேர்த்து வேதியியல் நோபல். தனி ஒருவரின் வேன் பத்து டிகிரி கூடுதலாகக் குளிர வேண்டும் என்பதற்காக இதைத் திருப்பிப் போட முடியாது சாமி.

மாற்றுகிறவர்களும் ஒழுங்காக மாற்றுவதில்லை என்பதுதான் ‘புது கேஸ் மட்டம்’ என்ற கெட்ட பெயருக்குக் காரணம். ஆர்-12 கூட ஓடுவது மினரல் ஆயில், அது ஆர்-134ஏ-வில் சரியாகக் கரையாது. எஸ்டர் அல்லது பிஏஜி ஆயில் வேண்டும். ரிசீவர் டிரையரைப் புதிதாகப் போட வேண்டும். பழைய ஹோஸின் ரப்பர் வழியாகவே கசியும் என்பதால் தடுப்புப் படலம் உள்ள ஹோஸ் நல்லது, முடிந்தால் பாரலல் ஃப்ளோ வகைக் கண்டென்ஸர். இதெல்லாம் செய்துவிட்டு, பழைய அளவில் சுமார் 80 முதல் 90 சதவீதம் எடையில் புது கேஸ். ஒன்றையும் செய்யாமல் மேலே டப்பாவைக் காலி செய்துவிட்டு கேஸைத் திட்டுவது, அரிசியைக் களையாமல் உலையில் போட்டுவிட்டு சாதத்தில் கல் என்று சொல்வது மாதிரி.

“ஒரு டப்பாதானே, உலகம் அழிந்துவிடாது” என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 12 அவுன்ஸ் டப்பாவில் சுமார் 340 கிராம் ஆர்-134ஏ. நூறு வருடக் கணக்கில் பூமியைச் சூடாக்குவதில் அது கார்பன் டை ஆக்சைடைப் போல 1,430 மடங்கு என்பது பரவலாகப் பயன்படும் எண். பெருக்கினால் 486 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ. அதாவது 211 லிட்டர் பெட்ரோல். லிட்டருக்கு 8 கிலோமீட்டர் கொடுக்கிற வனகனில் கிட்டத்தட்ட 1,700 கிலோமீட்டர். லாஸ் ஏஞ்செலஸில் இருந்து கிராண்ட் கேன்யன் போய்த் திரும்பி வந்தாலும் மிச்சம். ஓட்டை உள்ள வண்டியில் ஊற்றுகிற ஒவ்வொரு டப்பாவும், ஊரைச் சுற்றாமலேயே இந்தப் பயணம் போன புகை. கலிஃபோர்னியா 2010-இல் இந்தச் சின்ன டப்பாக்களுக்குத் தானே மூடிக்கொள்ளும் வால்வும் 10 டாலர் டெபாசிட்டும் கட்டாயமாக்கியது. டப்பாவில் மிஞ்சியது காற்றில் போகாமல் இருக்க நல்ல ஏற்பாடு. வண்டிக்குள் போன கேஸ் ஓட்டை வழியாகப் போவதை எந்த வால்வு தடுக்கும்?

பணக் கணக்குக்கு வருவோம். ரிப்பேருக்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆகலாம், டப்பா சில பத்து டாலர், எது லாபம்? முதல் வருட அக்கவுண்ட்ஸ் மாணவன் கூட வருவாய்ச் செலவு வேறு, மூலதனச் செலவு வேறு என்பான். டப்பா வருடா வருடம் போகிற செலவு, வண்டியின் மதிப்பில் ஒரு பைசா ஏறாது. அதோடு முடிந்தாலும் பரவாயில்லை. கம்ப்ரெஸருக்கு ஆயிலைச் சுமந்து வருவதே கேஸ்தான். கேஸ் குறைவாகவே ஓடினால் ஆயில் போதாமல் கம்ப்ரெஸர் தேய்ந்து, அதன் உலோகத்தூள் மொத்தக் குழாயிலும் பரவும். அப்போது டப்பாவில் மிச்சம் பிடித்த காசெல்லாம் வட்டியோடு போய்விடும்.

முறையான வேலை பார்க்கச் சலிப்பாகத்தான் இருக்கும். நைட்ரஜனை அழுத்தி ஏற்றி சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி தேட வேண்டும், இல்லை சாயம் கலந்து புற ஊதா விளக்கில் பார்க்க வேண்டும். ஓ-ரிங்குகளை மாற்றி, வேக்கம் பம்ப்பை அரை மணிக்கு மேல் ஓட விட வேண்டும். வேக்கத்தில் தண்ணீர் சாதாரண வெப்பநிலையிலேயே கொதித்து ஆவியாகிவிடும், உள்ளே புகுந்த ஈரம் போவது அப்படித்தான். ஈரம் மிஞ்சினால் எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து அடைக்கும், நாளடைவில் அமிலமாகி அரிக்கும். பம்ப்பை நிறுத்திய பிறகு முள் ஏறாமல் நிற்கிறதா என்று காத்திருந்து பார்த்த பிறகுதான் கேஸ்.

நம் ஊரில் யாரும் சிரிக்க வேண்டாம். ஏப்ரல் பிறந்தால் வீட்டு ஸ்ப்ளிட் ஏசிக்கு ‘கேஸ் கம்மியா இருக்கு சார்’ என்று சொல்லி, ஃபில்டரைக் கூடக் கழற்றிப் பார்க்காமல் பில் போடுகிற கூத்து இங்கேயும் நடக்கிறது. எங்கே லீக் என்று கேட்டால் பதில் வராது, முகத்தைப் பார்ப்பார்கள்.

பழைய வேன் வாங்கப் போகிறவர் விற்பவரிடம் சொல்ல வேண்டியது சுலபம்: “கேஸ் மட்டும்தானே, நீங்களே போட்டு, எத்தனை கிராம் ஏற்றினார்கள் என்று பட்டறை ரசீதோடு கொடுங்கள். காசு நான் தருகிறேன், இரண்டு வாரம் கழித்து வந்து ஏசியைப் போட்டுப் பார்க்கிறேன்.” வண்டி நல்லதாக இருந்தால் ஒத்துக்கொள்வார். ஒத்துக்கொள்ளாவிட்டால் ஏசியே இல்லாத வண்டி என்று வைத்து விலை பேச வேண்டியது. வாங்கியவர் சரி செய்த பிறகு, குளிர்காலம் முழுக்க வண்டியை ஷெட்டில் போட்டு மறந்துவிடக் கூடாது. கம்ப்ரெஸர் ஷாஃப்ட் சீல் ஆயில் இல்லாமல் காய்ந்துதான் அடுத்த லீக் ஆரம்பிக்கும். மாதம் ஒருமுறை பத்து நிமிடம், இதமான ஒரு நாளாகப் பார்த்து ஏசியைப் போட்டு வைத்தால் போதும்.