தவிலோட மதிப்பு 20,000 ரூபாதானா?

சிவகாசியில பார்சல் போடுற யாருக்கும் இது தெரியும். டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்ல காலண்டர் பண்டல் போட்டா, ரசீதுல 'ஓனர் ரிஸ்க்'னு அடிச்சிருக்கும். வழியில நனைஞ்சா நம்ம பாடு. அதனாலதான் பில் மதிப்பை எழுதுறோம், பெரிய லோடுக்கு இன்சூரன்ஸும் போடுறோம். ஆனா அதே ஊர்க்காரர் மதுரை ஏர்போர்ட்ல தவிலையோ வீணையையோ செக்-இன் பண்ணும்போது மதிப்பைப் பத்தி வாயே திறக்கிறதில்ல.

உள்நாட்டு விமானத்துல பேக்கேஜ் தொலைஞ்சாலோ உடைஞ்சாலோ ஏர்லைன்ஸோட பொறுப்பு ஒரு பயணிக்கு 20,000 ரூபா வரைதான். மத்திய அரசு 2014-ல அறிவிச்ச வரம்பு இது. 60,000 ரூபா வீணை ரெண்டாப் பிளந்தா 40,000 உங்க கையை விட்டுப் போகும். ரத்தான கச்சேரி தனிக் கணக்கு. வெளிநாட்டுப் பயணத்துக்கு மான்ட்ரியல் ஒப்பந்தம் இருக்கு. அதுல 2024 டிசம்பர் 28-லிருந்து வரம்பு 1,519 எஸ்.டி.ஆர்., நம்ம காசுக்கு 1.7 லட்சத்துக்கு மேல. ஆக, கோலாலம்பூர் கோயில் திருவிழாவுக்குப் போற தவிலுக்கு இருக்கிற பாதுகாப்பு, சென்னைக்குப் போற அதே தவிலுக்கு இல்ல. இது அநியாயம்னுதான் நான் சொல்வேன்.

ரெண்டு சட்டத்துலயும் ஒரு கதவு திறந்திருக்கு. லக்கேஜை ஒப்படைக்கும்போதே மதிப்பைத் தனியா அறிவிச்சு, கேட்டா கூடுதல் கட்டணமும் கட்டினா, அந்தத் தொகை வரை பொறுப்பு ஏறும். கவுன்டர்ல இதை எழுத்துல கேளுங்க. 'லிமிடெட் ரிலீஸ்' டேக்ல கையெழுத்து கேட்டா, படிச்சுட்டுப் போடுங்க.

கனடா பாடகர் டேவ் கரோல் கதை பலருக்குத் தெரியும். 2008-ல யுனைடெட் விமானத்துல அவரோட 3,500 டாலர் டெய்லர் கிடார் உடைஞ்சது. ரிப்பேருக்கே 1,200 டாலர். 2009 ஜூலைல யூடியூப்ல பாட்டுப் போட்டு உலகத்தையே சிரிக்க வெச்சார். எல்லாரும் பாட்டைப் பேசுறாங்க. ஆடிட்டர் கண்ணுக்குப் படுறது வேற: 24 மணி நேரத்துக்குள்ள புகார் தரலைன்னு சொல்லித்தான் கம்பெனி கையை விரிச்சது. மான்ட்ரியல்படி உடைஞ்ச பொருளுக்கு 7 நாள் டைம் உண்டு, ஆனா அதை நம்பி வீட்டுக்குப் போயிடாதீங்க. பெல்ட்டுல இருந்து எடுத்ததும் பெட்டியைத் திறந்து பாருங்க. ஏர்போர்ட்டை விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே புகார் எழுதி நகல் வாங்குங்க. கிளம்பும்போது எடுத்த போட்டோவும் வாங்கின பில்லும் போன்ல இருக்கட்டும். கைவினைஞர்கிட்ட வாங்கினா பில் கிடைக்காதுன்னு சொல்லாதீங்க. நம்ம ஊர்ல கையால செய்யுற பாரம்பரிய வாத்தியங்களுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, பில் கேட்டா வரி ஏறப்போறதில்ல.

நாதஸ்வரம் மாதிரி எடை குறைஞ்சது 7 கிலோ கேபின் வரம்புக்குள்ள வந்தாலும், நீளம் இடிக்கும். பல ஏர்லைன்ஸ்ல வாத்தியத்துக்குன்னு தனி சீட் வாங்கலாம். இன்சூரன்ஸ்ல 'ஆல் ரிஸ்க்' பாலிசி கேளுங்க. விமானப் பயணம் அடங்குமான்னு முதல்ல பாருங்க. அமெரிக்காவுல 2012-ல சட்டமே போட்டாங்க: மேல் ரேக்குல இடம் இருந்தா சின்ன வாத்தியத்தை கேபின்ல விட்டாகணும். இங்கயும் அப்படி ஒண்ணு வரணும், அந்த 20,000-மும் உயரணும்.

சம்பாத்தியத்துக்காகப் போற பயணம்னா அந்த எக்ஸ்ட்ரா சீட், ரிப்பேர், பிரீமியம் எல்லாமே தொழில் செலவுல வரும். அனுமான வருமானக் கணக்குல ரிட்டர்ன் போடுறவங்க மட்டும் தனியாக் கழிக்க முடியாது.