வேகமாகப் போக ஒரு மோட்டார், மெதுவாகப் போக ஒரு மோட்டார்

படகு வாங்கப் போகிறவரிடம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை எச்.பி.?" பைக் வாங்குபவரிடம் "எத்தனை சிசி?" என்று கேட்கிற மாதிரிதான். அமெரிக்க, கனடிய எல்லையில் இருக்கும் பெரிய ஏரிகளில் வால்ஐ மீன் பிடிக்கப் படகு வாங்குபவர்களும் இந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஆனால் இந்த மீனைப் பொறுத்தவரை இது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் கேட்க வேண்டியது, "இந்தப் படகு எவ்வளவு மெதுவாகப் போகும்?" என்பதே.

வால்ஐ என்பது பெர்ச் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு நன்னீர் மீன். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இதற்கு உண்டு. அதனால் மங்கலான வெளிச்சத்திலும் கலங்கிய நீரிலும் இரையைக் கண்டுபிடித்துவிடும். இந்த மீனுக்குப் பேர் பெற்றது ஈரி ஏரி. ஏரி என்றதும் நம் ஊர்க் கண்மாயை நினைத்துவிடக் கூடாது. சுமார் 25,700 சதுர கிலோமீட்டர் பரப்பு. ஓஹியோ, மிச்சிகன், பென்சில்வேனியா, நியூயார்க் என்று நான்கு மாநிலங்களும் கனடாவின் ஒன்டாரியோவும் அதன் கரையில் இருக்கின்றன.

அவ்வளவு தண்ணீரில் மீன் ஒரே இடத்தில் காத்திருப்பதில்லை. வசந்த காலத்தில் மாமி, சாண்டஸ்கி ஆறுகளிலும் ஏரியின் மேற்குப் பகுதிப் பாறைத் திட்டுகளிலும் முட்டையிடுகிறது. பிறகு தண்ணீர் சூடாக ஆக, பெரிய மீன்களில் பல குளிர்ந்த நீரைத் தேடிக் கிழக்கே போய்விடுகின்றன. எனவே பிடிப்பவரும் தேடிக்கொண்டே போக வேண்டும். படகை மெல்ல ஓட்டிக்கொண்டே பின்னால் தூண்டில்களை இழுத்துச் செல்லும் முறைக்கு ட்ரோலிங் என்று பெயர். பெரிய ஏரிக்கு ஏற்ற முறை இதுதான்.

சரி, எந்த வேகத்தில் இழுப்பது? மண்புழு கோத்த ஸ்பின்னர் தூண்டிலுக்கு மணிக்கு 1 மைல் முதல் 1.5 மைல் வரை. மீன் வடிவத்தில் செய்த கிராங்க்பெய்ட் என்ற பொய் இரைக்குச் சாதாரணமாக 1.5 முதல் 2.5 வரை. கோடையில் இழுக்கும் உலோக ஸ்பூனுக்கு 2 முதல் 2.8 வரை. ஏப்ரல் மாதக் குளிர்நீரில் கிராங்க்பெய்டைக் கூட 1 மைலுக்குக் குறைத்துவிடுவார்கள். மீன் குளிர் ரத்தப் பிராணி. தண்ணீர் குளிர்ந்தால் அதன் உடலும் மந்தமாகிவிடும், வேகமாக ஓடும் இரையைத் துரத்தாது. மனிதன் சாதாரணமாக நடப்பதே மணிக்கு 3 மைல் என்று வைத்துக்கொண்டால், இவை எல்லாமே நடையை விடக் குறைந்த வேகங்கள்தான்.

இதில் கால் மைல் வித்தியாசம் கூட முக்கியம். ஸ்பின்னரில் இருக்கும் சின்னத் தகடு சுழன்றால்தான் மீன் திரும்பிப் பார்க்கும். வேகம் குறைந்தால் தகடு சுழலாமல் தொங்கிவிடும். அகலமான தகடு குறைந்த வேகத்திலேயே சுழலும், ஒடுங்கிய இலை போன்ற தகட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் வேகம் வேண்டும். வேகம் கூடினாலோ, குளிர்நீரில் மந்தமாக இருக்கும் மீன் துரத்தாமல் விட்டுவிடும்.

இங்கேதான் பெரிய மோட்டாரின் பிரச்சினை வருகிறது. 200 எச்.பி. மோட்டாரைக் கியரில் போட்டுச் சும்மா விட்டாலே பல படகுகள் இரண்டரை, மூன்று மைல் வேகத்தில் போய்விடும். அதற்குக் கீழே இறக்க வழியில்லை. தண்ணீரைப் பிடித்து இழுக்கும் துணிப்பைகளைப் படகோடு கட்டி வேகத்தைக் குறைப்பவர்கள் உண்டு. ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே பிரேக்கும் போடுவது போன்ற வேலை அது.

ஒரு நாள் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கரையிலிருந்து 20 மைல் தள்ளி மீன் இருக்கிறது, படகு மணிக்கு 30 மைல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். போக 40 நிமிடம், வர 40 நிமிடம், ஆக 80 நிமிடம். தண்ணீரில் இருப்பது மொத்தம் 8 மணி நேரம் என்றால், பெரிய மோட்டாருக்கு வேலை ஆறில் ஒரு பங்கு நேரம்தான். மீதி 6 மணி 40 நிமிடமும் படகு நடை வேகத்தில்தான் போகிறது. பணத்தில் பெரும் பங்கு அந்த ஆறில் ஒரு பங்குக்கே போகிறது. மீன் கிடைப்பதோ மீதி ஐந்து பங்கில்.

எனவே பெரிய மோட்டாருக்குப் பக்கத்தில் கிக்கர் என்ற சின்ன மோட்டார் ஒன்றைப் பொருத்துவதே சரியான வழி. பெரும்பாலும் 9.9 எச்.பி. போதும். எடை 40 முதல் 50 கிலோ. ஓட்ட வேகத்தை விடத் தள்ளு விசைக்கு முக்கியத்துவம் கொடுத்துச் செய்த மாடல்களே கனமான படகுக்கு நல்லது. கிக்கரைப் பெரிய மோட்டாரோடு ஒரு கம்பியால் இணைத்துவிட்டால் ஒரே ஸ்டியரிங்கில் இரண்டும் திரும்பும். பெட்ரோலும் குறைவு, பெரிய மோட்டாரின் ஓடிய மணிநேரமும் ஏறாது. விற்கும்போது அந்த மணிநேரக் கணக்குக்கு மதிப்பு உண்டு.

"இப்போதுதான் மின்மோட்டார் வந்துவிட்டதே, அது போதாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. முன்பக்கத்தில் பொருத்தும் மின்மோட்டார் ஜிபிஎஸ் துணையோடு தானே திசை பிடிக்கும், வேகத்தை நுணுக்கமாக வைத்துக்கொள்ளும், சத்தமும் இல்லை. ஆனால் மின்சாரக் கணக்கைப் பார்க்க வேண்டும். 36 வோல்ட், 100 ஆம்பியர் மணி பேட்டரி. மோட்டார் 20 ஆம்பியர் இழுக்கிறது என்றால் 5 மணி நேரத்தில் காலி. எதிர்க்காற்று அடித்தால் இன்னும் சீக்கிரம். அலை உயரும்போது படகின் முன்பகுதி தூக்கிக்கொள்ள, மின்மோட்டாரின் விசிறி தண்ணீரை விட்டு வெளியே வந்து வெறுமனே சுற்றும். தள்ளுவதற்குக் கிக்கர், திசை பிடிக்க மின்மோட்டார் என்று இரண்டையும் சேர்த்து ஓட்டுவதே நடைமுறையில் நல்லது. கையில் பணம் ஒன்றுக்குத்தான் என்றால் பெரிய ஏரியில் கிக்கருக்கே முதல் இடம்.

எந்த மோட்டாராக இருந்தாலும் திரையில் தெரியும் வேகத்தை மட்டும் நம்பக் கூடாது. ஜிபிஎஸ் காட்டுவது நிலத்தை வைத்துப் பார்த்த வேகம். கீழே நீரோட்டம் இருந்தால் இரை உணரும் வேகம் வேறு. திரும்பும்போதும் அப்படித்தான். 300 அடி ஆரத்தில் 1.5 மைல் வேகத்தில் படகு திரும்புகிறது, இருபுறமும் 100 அடி தள்ளித் தூண்டில்கள் வருகின்றன என்றால், வெளிப்பக்கத் தூண்டில் சுமார் 2 மைல் வேகத்திலும் உட்பக்கத் தூண்டில் சுமார் 1 மைல் வேகத்திலும் போகும். எந்தப் பக்கம் மீன் கடித்தது என்று கவனித்தாலே அன்றைக்கு வேகத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று தெரிந்துவிடும். செலவே இல்லாத கருவி இது.

அப்படியானால் பெரிய மோட்டார் வீண் செலவா? இல்லவே இல்லை. ஈரியின் சராசரி ஆழம் 19 மீட்டர்தான். மேற்குப் பகுதியில் அதிலும் பாதிக்குக் குறைவு. ஆழம் குறைந்த நீரில் காற்று அடித்தால் அலைகள் செங்குத்தாக, அடுத்தடுத்து வேகமாக எழும். 20 மைல் தள்ளி இருக்கும்போது வானம் கறுத்தால் 30 மைல் வேகப் படகுக்குக் கரை 40 நிமிடத்தில் இருக்கிறது. 5 மைல் வேகத்தில் தள்ளும் கிக்கரை மட்டும் நம்பினால் 4 மணி நேரம். அந்த வித்தியாசம் படகில் இருக்கிற உயிர்களின் கணக்கு. அலை முற்றிய பிறகு 30 மைல் வேகத்தில் ஓட்டவும் முடியாது என்பதால், காற்று கூடும் முன்பே கிளம்பிவிடுவதும் அதில் சேர்த்தி. பெரிய மோட்டார் பழுதானால், அந்த 4 மணி நேரக் கிக்கர்தான் கடைசி நம்பிக்கை.

ஆக, வாங்குபவர் செய்ய வேண்டியது எளிது. அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைவான மோட்டார் படகுகளில் அதிகபட்ச எச்.பி. எவ்வளவு என்று ஒரு தகடு பொருத்தியிருப்பார்கள். அந்த எல்லை வரை போயே தீர வேண்டும் என்பதில்லை. பாரத்தோடு பத்திரமாகப் போய்த் திரும்பப் போதுமான மோட்டாரை வாங்கி, அதற்கு மேல் ஏறும் எச்.பி.க்கான பணத்தைக் கிக்கரில் போடலாம். கரையில் நிற்பவர்களை வியக்க வைக்கும் அந்தக் கூடுதல் 50 எச்.பி. வால்ஐ மீனுக்குத் தெரியவே போவதில்லை. அதற்குத் தெரிவதெல்லாம் தன் முன்னால் தகடு சுழல்கிறதா என்பது மட்டும்தான்.